இறங்காத சதவீதம்

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் சதவீதம் இறங்காது. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. புதிதாக வந்து சேரும் பொறியாளருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. ஆனாலும் அந்தப் புதிய அனல்மின் நிலையத்தோடு தொடர்புடைய அத்தனை பேரும், சென்னையில் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் முதல் ஒரகடத்துத் தொழிற்கூடங்களில் கணினி முன் அமர்ந்து கட்டங்களை நிரப்புகிறவர் வரை, அதற்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். சென்ற மாதம் அறுபது என்று சொன்ன வேலையை இந்த மாதம் அறுபத்தொன்று என்று சொல்லலாம். மழை, மணல் தட்டுப்பாடு, தேர்தல் என்று காரணம் காட்டி அறுபதிலேயே நிறுத்தியும் வைக்கலாம். ஐம்பத்தொன்பது என்று மட்டும் சொல்லக் கூடாது. கட்டிய சுவர் இடிந்து விழுந்தாலும் சதவீதம் நின்றாக வேண்டும். இடிந்தது அடுத்தடுத்த மாதங்களின் முன்னேற்றத்தில் சத்தமில்லாமல் கரைந்துபோகும்.

இரண்டாண்டுகளுக்கு முன்பு மணிகண்டபிரபு என்ற இளம் பொறியாளர் இது தெரியாமல், குளிர்விப்புக் கோபுரத்தின் அடித்தளத்தில் ஒரு பகுதியை உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டியிருக்கிறது, ஆகவே மூன்று சதவீதம் குறைகிறது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தலைமைப் பொறியாளர் இராமச்சந்திரன் அவருக்கு நன்றிகூடச் சொன்னார். அடுத்த வாரம் மணிகண்டபிரபு, பழைய மின்மாற்றிகளும் துருப்பிடித்த கம்பங்களும் குவிந்து கிடக்கும் ஒரு கிடங்குக்கு மாற்றப்பட்டார். ஆணையில் 'நிர்வாகக் காரணம்' என்று இருந்தது. அந்த இரண்டு சொற்களுக்கு அப்பால் யாரும் எதையும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திட்டக் கண்காணிப்புப் பிரிவின் செயற்பொறியாளர் கிளாரா அன்று அதே கூட்டத்தில்தான் இருந்தார். அடுத்த நாள் மணிகண்டபிரபுவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்து, சொல்லாமலே விட்டார். அவருடைய பணிக்காலத்தில் மிச்சமிருந்தது வரும் மே மாதம் வரைதான். ஏப்ரலில் புதிய நிலையத்தின் கொதிகலனில் முதல் தீ மூட்டப்பட வேண்டும் என்பது திட்டம். அந்த இரண்டு மாதங்களுக்கும் இடையில் தன் வாழ்க்கையில் பாக்கியிருக்கும் ஒரே ஒரு வேலை இருப்பதாக கிளாரா கருதினார்: அந்தத் தீயைக் கண்ணால் பார்ப்பது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அது அவருக்குத் தவறிப்போயிருந்தது.

சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு அனல்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கிளாராவுக்கு முதல் பணியிடம் அங்கேதான். பெரம்பூரில் இருந்து இரண்டு பேருந்து மாறி, கடைசி இரண்டு மைல் தூரம் ஜல்லி ஏற்றிப் போகும் லாரியில் முன்னிருக்கையில் உட்கார்ந்து போவார். தகரக் கொட்டகைதான் அலுவலகம். உப்புக் காற்று அடித்து அடித்துத் தகரமே மென்மையாகிவிட்டிருந்தது. அதே நாளில் வேலையில் சேர்ந்த எழிலரசன் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். காசிமேட்டுக்காரர், வாயைத் திறந்தால் கொட்டகை முழுவதும் சிரிக்கும். கிளாராவுக்குக் கொதிகலனைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததெல்லாம் அங்கே வேறாகத் தெரிந்தது. கொதிகலன் தரையில் நிற்பதில்லை, மேலிருந்து தொங்குகிறது என்பதை முதன்முதலில் நேரில் கண்ட நாளில் அண்ணாந்து பார்த்தபடியே நெடுநேரம் நின்றுவிட்டார். ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்து ஆயிரக்கணக்கான குழாய்கள் கீழ்நோக்கித் தொங்கின. சூடேறும்போது நீள வேண்டும், நீளுவதற்கு இடம் வேண்டும், அதற்காகத்தான் அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் அடியில் நிற்கையில் மழை பெய்யத் தயாராக இருக்கும் வானத்தின் கீழ் நிற்பதுபோல் இருந்தது.

அந்தக் குழாய்களில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை நாளை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. தளமெங்கும் பேச்சு நின்றுவிடும். கையில் டார்ச் விளக்கோடு ஆளுக்கொரு தளத்தில் ஏறி, ஒவ்வொரு பற்றவைப்பின் மீதும் வெளிச்சத்தைச் செலுத்தி, ஒரு துளி தண்ணீர் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பார்கள். எங்கோ மேலே ஒரு குரல் "இங்கே ஒண்ணு" என்னும். உடனே எல்லோருடைய முகமும் விழுந்துவிடும். ஆனால் கண்டுபிடித்தவருக்கு அன்று டீயும் போண்டாவும் மற்றவர்கள் வாங்கிக் கொடுப்பார்கள். கொட்டகை வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் வேலை எவ்வளவு முடிந்தது என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கும். ஒழுகல் தெரிந்த நாள்களில் அந்த எண் இறங்கும், சரிசெய்த பிறகு ஏறும். காய்ச்சல்காரனின் வெப்பமானியைப் பார்ப்பதுபோல் காலையில் உள்ளே நுழைகிற எல்லோரும் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள்.

முதல் தீ மூட்டும் நாள் நெருங்கியபோது, இனி இரவும் பகலும் முறைப்பணி, பெண் பொறியாளரை இரவில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி கிளாராவைச் சென்னைத் தலைமையகத்துக்கு மாற்றினார்கள். மாற்றம் என்று சொல்லவில்லை. வசதி என்றுதான் சொன்னார்கள். தீ மூட்டிய நாளில் எழிலரசன் தளத்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, கேள் கிளாரா, கேள் என்று கத்திவிட்டு, ஒலிவாங்கியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். கிளாராவுக்குக் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஆனாலும் நன்றாகக் கேட்கிறது என்று பொய் சொன்னார். அதன் பிறகு தலைமையகத்தின் கண்காணிப்புப் பிரிவிலேயே அவருடைய காலம் கழிந்தது. எத்தனையோ நிலையங்கள் அவருடைய மேசையைக் கடந்து போயின, எல்லாமே சதவீதங்களாக. கடலோரத்து நிலையமும் வயதாகி மூடப்பட்டு, புகைபோக்கி வெடிவைத்து வீழ்த்தப்பட்டதை அலைபேசித் திரையில் பார்த்தார். அது சாய்ந்த விதம் ஏதோ களைத்துப்போனவர் உட்காருவது போலிருந்தது.

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தின் முடிவில் இந்தக் கதையை யாரோ சொல்லக் கேட்ட இராமச்சந்திரன், இந்த முறை முதல் தீயை கிளாரா மேடம்தான் மூட்ட வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல. விழா நிகழ்ச்சி நிரலின் முன்வரைவில் அவர் பெயர் ஏறிவிட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் கிளாரா தேவாலயத்தில் இறங்கி, காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனார்.

நவம்பர் மாதக் கூட்டம் ஒரகடத்தில் நடப்பதாக இருந்தது. கொதிகலனின் பாகங்கள் அங்கே ஒரு தனியார் தொழிற்கூடத்தில் உருவாகிக்கொண்டிருந்தன. அவற்றின் சதவீதத்தைச் சொல்லும் பொறுப்பு கிளாராவுடையது. கூட்டத்துக்கு முந்தைய நாள் காலையில் துறையின் வாகனத்தில் புறப்பட்டார். மூன்று வாரமாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கும்போது முறை முடிந்து திரும்பும் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஜன்னல் கண்ணாடிகளில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்பிள்ளைகளின் மூச்சு வட்ட வட்டமாகப் படிந்திருந்தது. அந்தக் கடைசி இரண்டு மைல் லாரிப் பயணங்களில் தானும் இப்படித் தூங்கியதை நினைத்துக்கொண்டார் கிளாரா. இந்தச் சாலையில் வரும்போதெல்லாம் அவருக்கு அந்தக் கடலோரம்தான் நினைவுக்கு வரும். வயது ஏற ஏற முன்னால் இருப்பதைவிடப் பின்னால் இருப்பது தெளிவாகத் தெரிகிறது என்று ஓட்டுநர் கன்னியப்பனிடம் சொன்னார். கண்ணாடி போட்டால் சரியாகப் போகும் மேடம் என்றார் அவர்.

தொழிற்கூடத்தின் திட்டத் தலைவர் வேறு யாருமில்லை, எழிலரசன்தான். விருப்ப ஓய்வு பெற்றுத் தனியாரிடம் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்றவர் முன்னிலையில் இருவரும் சார், மேடம். தனியாக இருக்கும்போது நீ, வா, போ. அவர் அறையில் சூடான காப்பி வந்தது. மறுநாளைக்கான எண் ஏற்கெனவே தயாராக இருந்தது: சென்ற மாதம் எழுபத்தொன்று, இந்த மாதம் எழுபத்திரண்டு.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். உலையைச் சுற்றிச் சுவராக நிற்கப்போகிற குழாய் வரிசைகளை அங்கே பேனல் என்பார்கள். ஒரு பேனல் தொழிற்கூடத்தின் வாயிலைக் கடந்து லாரியில் வெளியே போகும்போது எடுக்கப்படும் புகைப்படம்தான் கணக்கு. படம் சென்னைக்கு ஏறிவிட்டால் அந்தப் பேனல் முடிந்துவிட்டது. இந்த ஏற்பாட்டில் தவறு எதுவும் இல்லை, வாயிலைக் கடக்கும் பேனல் முடிந்த பேனலாக இருக்கும்வரை. மாதக் கடைசி நெருங்கி எண் நகராமல் நின்ற ஒரு கோடையில், பாதி முடிந்த பேனல்கள் சிலவற்றை லாரியில் ஏற்றி வாயிலைக் கடத்தி, படம் எடுத்து, பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்குப் பிடித்த ஒரு நிலத்தில் இறக்கிவைத்தார்கள். பிறகு ஆற அமரப் பின்வாயில் வழியாகத் திரும்பக் கொண்டுவந்து முடித்துவிடலாம் என்பது யோசனை. முதல் மாதம் அப்படியே நடந்தது. அடுத்த மாதம் திரும்ப வந்தவற்றைவிட வெளியே போனவை அதிகம். அதற்கடுத்த மாதங்களில் பின்வாயிலை யாரும் திறக்கவேயில்லை. இதை யார் தொடங்கிவைத்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. பாதையில்லாத புல்வெளியில் நாலு பேர் நடந்தால் பாதை விழுந்துவிடுவதைப் போல அது விழுந்துவிட்டது. படங்களைப் பார்த்துச் சரி என்று சொன்னவர்களில் கிளாராவும் ஒருவர்.

மழையில் அந்த நிலம் எப்படி இருக்கிறது என்று கேட்டார் கிளாரா. கொஞ்சம் தண்ணீர் நின்றது, வடிந்துவிடும் என்றார் எழிலரசன். நீ போய்ப் பார்த்தாயா என்றதற்கு, ஆள் அனுப்பிப் பார்த்தேன் என்றார். இந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று கண்ணைப் பார்த்துக்கொண்டே பேசுவதுதான் எழிலரசனின் வழக்கம். கிளாரா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழிலரசனும் பின்னாலேயே வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

பிள்ளைப்பாக்கத்தில் அந்த நிலத்துக்குப் போகும் வழி, ஒரு பக்கம் நெல் வயலும் மறு பக்கம் விற்பனைக்குப் பிரித்த மனைகளின் வெள்ளைக் கற்களுமாக இருந்தது. நிலத்தின் சொந்தக்காரி லூர்தம்மாள் வேலியோரம் குடையைப் பிடித்துக்கொண்டு ஆடுகளை அதட்டிக்கொண்டிருந்தார். எழிலரசனைக் கண்டதும் குடையை மடக்கிவிட்டார், சண்டைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்பதைப்போல.

"வாங்க சாரே. வழி தெரிஞ்சிதா? ஒரே மாசத்துல எடுத்துக்கினு பூடுறேன்னு சொல்லிட்டுப் போனவரு. எங்க ஆடு ரெண்டு ஈத்து ஈனிடிச்சி, நீங்க வந்தபாடில்ல."

"இன்னாம்மா இது, பேனல் மேல துணி காயப்போட்டிருக்கே?"

"காயறதுக்கு வெயிலு எங்க கீது? சும்மா மாட்டி வெச்சிகீறேன்."

நிலம் ஏரியின் பழைய கரையை ஒட்டிய பள்ளம் என்பது மழைக்கு முன் யாருக்கும் தோன்றவில்லை. பேனல்கள் கட்டைகளின் மேல் அடுக்கப்பட்டிருந்தன. கட்டைகள் சேற்றில் இறங்கி, கீழ் வரிசைகள் தண்ணீருக்குள் கிடந்தன. பச்சையும் நீலமுமாகச் சேலைகள் மேல் வரிசையில் தொங்கின. ஒவ்வொரு குழாயின் வாயையும் மூடியிருந்த நீல நிற பிளாஸ்டிக் மூடிகளைக் காணோம். சற்றுத் தள்ளி, கோழிகள் அவற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

கிளாராவின் பார்வை போன இடத்தை லூர்தம்மாளும் பார்த்துவிட்டார். அவருடைய குரல் இறங்கியது. "அது தானா கயண்டு வுயுந்துதும்மா. வெயிலு காலத்துலயே வெடிச்சிப் போச்சி. கோயிக்குத் தண்ணி வெக்க வாட்டமா இருந்துது, எடுத்துக்கினேன். திருடல."

திருடியதாக யாரும் சொல்லவில்லையே அம்மா என்றார் கிளாரா. உடனே லூர்தம்மாள் அவர் கழுத்தில் இருந்த சிறிய சிலுவையைக் கவனித்து, வேதக்கார வீட்டுப் பெண்ணா, எந்த ஊர்க் கோயில் என்று விசாரித்தார். பெரம்பூர் என்று தெரிந்ததும், அங்கே தன் நாத்தனார் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கும் தெருவைச் சொல்லி, கிளாராவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றதும், பெரிய ஊர் என்று தானே சமாதானம் செய்துகொண்டு, தன் மீது வழக்கு எதுவும் வருமா என்று மறுபடியும் கேட்டார். வராது என்று கிளாரா இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கிளாரா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். அலைபேசியின் விளக்கைப் போட்டு ஒரு குழாயின் வாய்க்குள் பார்த்தார். உள்ளே கருஞ்சிவப்பாகத் தண்ணீர் நின்றது. விரலை விட்டுத் தடவினார். துரு மாவுபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் அடியில் இருந்த இரும்பு வழவழப்பாக இல்லை. அம்மைத் தழும்புகளைப்போல் சிறுசிறு குழிகள். அடுத்த குழாயிலும் குழிகள். அதற்கடுத்ததிலும். எழிலரசன் கரையிலேயே நின்றார், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, இறங்காமல்.

ஒரகடத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னார் எழிலரசன். நின்றுகொண்டே டீ குடித்தார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் தொழிலாளர்கள் சிலர் மதுரைப் பக்கத்துத் தமிழில் ஓவர்டைம் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். முதலில் பேசியவர் எழிலரசன்தான். அவருடைய திட்டம் தெளிவாக இருந்தது. இன்றே கூலிக்கு ஆள்வைத்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். ஆசிட் விட்டுக் கழுவலாம். பாக்கி வேலையை முடித்து ஜனவரிக்குள் தளத்துக்கு அனுப்பிவிடலாம். எண்ணைத் தொட வேண்டியதில்லை. அழுத்தச் சோதனையை அந்தக் குழாய்கள் தாங்கும். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

"ஹைட்ரோ டெஸ்ட்டைத் தாங்கும். சரி. அப்புறம்?" என்று கேட்டார் கிளாரா.

"அப்புறம் நாம இருக்க மாட்டோம்."

பணியில் இருக்க மாட்டோம் என்றுதான் அவர் சொல்ல வந்தார். சொன்ன பிறகு அது வேறு மாதிரி ஒலித்ததை அவரும் கேட்டார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, எந்தக் கொதிகலனில் குழாய் வெடிக்கவில்லை, வெடித்தால் நிறுத்துவார்கள், மாற்றுவார்கள், மறுபடி ஓட்டுவார்கள் என்றார். வெடிக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் ஆள் யாரும் நடக்காமல் இருக்க வேண்டுமே என்றார் கிளாரா. புதிதாகப் பேனல்கள் செய்தால் எவ்வளவு தாமதமாகும் என்று அவர் கேட்டதற்கு, முதல் தீ ஏப்ரலில் இல்லை, தீபாவளிக்குப் பிறகுதான் என்று எழிலரசன் சொன்னார். அப்போது கிளாரா ஓய்வு பெற்றுப் பல மாதங்கள் ஆகியிருக்கும். ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்கவே வேண்டியதில்லை; எண்ணை இறக்கிச் சொன்ன மறுவாரமே ஏதோ ஒரு கிடங்கு தனக்கும் தயாராகிவிடும் என்பது கிளாராவுக்குத் தெரியும். எழிலரசனின் வேலையும் போகும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கிளாராவுக்கு இவ்வளவு கனத்திருக்காது.

கடலோரத்தில் நாம் இப்படி இல்லையே எழில் என்றார் கிளாரா. அந்தக் கரும்பலகையை நினைத்துப் பார், ஒழுகல் கண்ட அன்று எண்ணை அழித்துவிட்டு இறக்கி எழுதினோமே, யாருக்காவது கை நடுங்கியதா என்றார்.

எழிலரசன் சிரித்தார். அந்தப் பழைய, கொட்டகை முழுவதையும் சிரிக்கவைக்கிற சிரிப்பு அல்ல.

"இன்னா கிளாரா, இன்னும் அந்த போர்டை நம்பிக்கினு இருக்கியா? மெட்ராஸ் ஆபீஸுக்குப் போற டெலக்ஸ் தந்தியை தினம் அடிச்சது யாரு? நான்தான். போர்டுல நாப்பத்தெட்டுன்னு இறங்குன அன்னிக்கு டெலக்ஸ்ல அம்பது. இறங்கவே இறங்காது. இறங்க விடமாட்டாங்க. நீ போர்டை மட்டும் பாத்தே. நான் ரெண்டையும் பாத்தேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீ காலையில வந்து அந்த போர்டைப் பாக்குற பார்வை இருக்கே... எப்பிடிச் சொல்றது."

சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று போனது. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தன் மேசையைக் கடந்துபோன ஏறுமுகமான எண்களை எல்லாம் ஒரு குறைவாகவும், அந்தப் பலகையை மட்டும் நிறைவாகவும் வைத்து எண்ணிவந்திருந்தார் கிளாரா. அந்த நிறைவும் இப்போது டீக்கடைக் கண்ணாடி டம்ளரின் அடியில் மிஞ்சிய டீத்தூளைப்போல் கலங்கிவிட்டது. எழிலரசன் இரண்டு டம்ளர்களையும் வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்தபடி, நாளைக்கு எழுபத்திரண்டுதானே என்று கேட்டார். கிளாரா வண்டியில் ஏறினார்.

வீடு வந்து சேரும்வரை அவர் அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. டெலக்ஸ் பொய் சொல்லியிருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பலகையில் எண்ணை இறக்கி எழுதியதும் உண்மைதானே. யாருக்காக எழுதினார்கள்? சென்னைக்காக அல்ல. காலையில் அந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்து, தொங்கும் குழாய்களின் அடியில் நடந்து, ஏணிகளில் ஏறிப் போகிறவர்களுக்காக எழுதினார்கள். மேலே என்ன சொன்னாலும், அடியில் நடக்கிறவருக்கு உண்மை தெரிந்திருந்தது. பிள்ளைப்பாக்கத்துக் குழாய்களின் அடியில் நாளை நடக்கப்போகிறவர்களுக்கு அப்படி ஒரு பலகைகூட இல்லை. அவர்களிடம் போய்ச் சேரும் ஒரே எண் கூட்டத்தில் சொல்லப்படும் எண்தான். இதை நினைத்ததும் கிளாராவுக்குத் துணிவு எதுவும் வந்துவிடவில்லை. எழிலரசன் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒலிவாங்கியும் அதில் கேட்ட காற்றும்தான் திரும்பத் திரும்ப வந்தன. இந்த முறையும் காற்று மட்டும்தானா என்று அவருக்கு அழுகை வந்தது. கன்னியப்பன் பார்க்காமல் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் தொழிற்கூடத்தின் கூட்ட அறையில் பெரிய திரை ஒளிர்ந்தது. சென்னையில் இருந்து இராமச்சந்திரனும், புதிய நிலையத்தின் கட்டுமானத் தளத்தில் இருந்து தலைக்கவசம் அணிந்த சிலரும் திரையில் தெரிந்தார்கள். மேசையைச் சுற்றி ஒரகடத்து நிறுவனங்களின் ஆட்கள். கிளாராவுக்கு அடுத்த நாற்காலியில் எழிலரசன். முந்திரி பிஸ்கட் தட்டு கைமாறியது. ஒவ்வொருவராகத் தங்கள் எண்ணைச் சொன்னார்கள். புகைபோக்கி எண்பத்தெட்டு. நிலக்கரி கொண்டுவரும் பாதை அறுபத்தாறு. மழையால் நின்றிருக்கிறது, இறங்கவில்லை. நீர் சுத்திகரிப்பு நிலையம் எழுபத்தைந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் இராமச்சந்திரன் தலையசைத்தார். அவர் நல்ல மனிதர். இந்த நிலையம் முடிய வேண்டுமென்று உண்மையாகவே விரும்பியவர். இந்த மாநிலத்தில் கட்டப்படும் கடைசி அனல்மின் நிலையம் இதுவாகத்தான் இருக்கும் என்று அடிக்கடி சொல்லுவார். முதல் தீ விழாவுக்கு விருந்தினர் பட்டியலைத் தொடங்கிவிட்டதாகச் சொல்லி, தன் திரையில் தெரிந்த கிளாராவை நோக்கிக் கையை நீட்டி, நாயகி கூட்டத்திலேயே இருக்கிறார் என்றார். அறை முழுவதும் மெல்லச் சிரித்தது. கிளாராவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தார்.

திரையில் கொதிகலனின் பக்கம் வந்தது. எழுபத்திரண்டு என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"அறுபத்து நாலு, சார்" என்றார் கிளாரா.

யாரோ பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தார்கள். இராமச்சந்திரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். கோபம் அவர் முகத்தில் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இப்படி வந்துவிடுங்கள் என்று காட்டுகிறவரின் பரிவு இருந்தது.

"ஸ்கிரீன்ல எழுபத்திரண்டு இருக்கே மேடம். போன மாசமே எழுபத்தொண்ணு. நீங்க ஏதோ பழைய ஷீட்டைப் பாக்குறீங்கன்னு நினைக்கிறேன். பாத்துட்டு நிதானமா சொல்லுங்க, அடுத்ததுக்குப் போயிட்டு வருவோம்."

எழிலரசன் மேசையின் மேல் வைத்திருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாரா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பழைய ஷீட் இல்ல சார். பிள்ளைப்பாக்கத்துல பாதி முடிஞ்ச பேனலை இறக்கி வெச்சிட்டு முடிஞ்சதா கணக்குச் சொன்னோம். படத்தைப் பாத்துச் சரின்னு சொன்னதுல நானும் உண்டு. அதெல்லாம் தண்ணியில நின்னு உள்ள குழி விழுந்திருக்கு. கழுவி அனுப்ப முடியாது, புதுசா செய்யணும். ஏப்ரல்ல முதல் தீ கிடையாது." தளத்தில் இருந்து திரையில் தெரிந்த தலைக்கவசங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. "போன மாசம் எழுபத்தொண்ணு. இந்த மாசம் அறுபத்து நாலு. இறங்கியிருக்கு சார்."